கணித தினச் சுவருக்கு எந்தப் பகு எண்?

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித தினம். அதையொட்டி வேலூர், காட்பாடி, குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் பள்ளிகளில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாகத்தான் இருக்கும். குடியாத்தம் பக்கம் நான் கணக்கு எடுக்கும் பள்ளியில், இந்தத் தடவை கண்காட்சி அறையின் ஒரு சுவரை ஒரே ஒரு எண்ணுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். அது பெரிய பகு எண்ணாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பகா எண்களுக்கு ஏற்கெனவே நிறையப் பெயர் இருக்கிறது. ஆனால் பகா எண்ணைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கக்கூடியது ஒன்றுதான்: உடையுமா, உடையாதா? பகு எண்ணிடம் கேள்விகள் வளர்ந்துகொண்டே போகும். எத்தனை துண்டு, எந்தெந்தத் துண்டு, முதலில் கண்டுபிடித்தது யார், எப்படி, இதை நானும் செய்ய முடியுமா?

எந்த எண் என்பதில்தான் ஆசிரியர் அறையில் பேச்சு நீண்டது. இதே யோசனையில் இருக்கும் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால், நாங்கள் எடை போட்ட எண்களை இங்கே எழுதுகிறேன். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இரண்டு. சுவர் முன்னால் நிற்கும் பிள்ளை பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு அங்கேயே சரிபார்க்க முடிய வேண்டும். அடுத்தது, இதுதான் எனக்கு முக்கியம்: ஓர் எண் பகு எண் என்று தெரிந்துகொள்வது வேறு, அதன் காரணிகள் கைக்குக் கிடைப்பது வேறு. நம் பாடப்புத்தகக் கணக்குகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே வந்து போய்விடுகின்றன. 91 பகு எண்ணா என்று கேட்டால் 7 × 13 என்று பதில் வருகிறது. பெரிய எண்களில் இரண்டுக்கும் நடுவே பல வருட இடைவெளி விழும். அந்த இடைவெளியைக் கண்ணால் காட்டும் எண் வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பையன்கள் முதலில் சொன்னது, 1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வரும் எண். 158 இலக்கம். கடைசியில் 24 பூஜ்யம். ஏன் 24? நூறுக்குள் 5-இன் மடங்குகள் 20, அதில் 25-இன் மடங்குகள் நாலு கூடுதலாக ஒரு 5 தருகின்றன. நல்ல கணக்குதான், வகுப்பில் கட்டாயம் போட வேண்டும். ஆனால் இந்த எண் பிறக்கும்போதே காரணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு பிறக்கிறது. தேட எதுவும் இல்லை. சரி, அதை விட்டுவிட்டோம்.

அடுத்தது ராமானுஜனின் எண்: 6746328388800. கணித தினத்துக்கு அவருடைய எண்ணையே வைக்கலாமே என்று சொன்ன டீச்சரின் வாதத்தைச் சுலபமாகத் தள்ள முடியாது. 1915-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ராமானுஜன் ஒரு புது வகை எண்களை ஆராய்ந்தார். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்கள் அவை. மிகு பகு எண்கள் என்று சொல்லலாம். 12, 60, 360 மூன்றும் அந்த வரிசையில் உண்டு. டஜனும் மணிக்கணக்கும் வட்டத்தின் பாகைகளும் பங்கு போட வசதியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர் தந்த அட்டவணையின் கடைசி எண்தான் இந்த 13 இலக்க எண். இதை உடைத்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1 என்று இறங்கிக்கொண்டே வருவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றி, அதே அளவு வகுத்திகளோடு இன்னும் சிறிய எண்ணை உண்டாக்கிவிடலாம். அப்படியானால் முதலில் எடுத்த எண் மிகு பகு எண்ணாக இருக்க முடியாது. இவ்வளவுதான் வாதம். ஒரு நிரூபணம் எப்படி இருக்கும் என்பதை ஏழாம் வகுப்புக்குக் காட்ட இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. ராமானுஜனின் அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது: 293318625600. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது அதுவேதான். அதற்கு 5040 வகுத்திகள். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ராமானுஜன்மேல் மரியாதை குறையாது, நெருக்கம் கூடும் என்றே நினைக்கிறேன். கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் போட்ட அட்டவணை அது.

நம் மண்ணோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட சிறுகோள் 1988-இல் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். அப்போது எல்லாமே வட ஆற்காடுதான், திருவண்ணாமலை பிரிந்ததே 1989-இல். அந்தச் சிறுகோளின் வரிசை எண் 4130. அதையும் உடைத்துப் பார்க்கலாம்: 2 × 5 × 7 × 59.

இத்தனை இருந்தும் சுவருக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. என் இரண்டாவது அளவுகோலில் இது நிற்காது. பூஜ்யத்தில் முடியும் எண் பகு எண்ணா என்று யாரும் யோசிக்கப் போவதில்லை. 2, 3, 5 என்று சின்னக் காரணிகள் கேட்டவுடன் வந்து நிற்கும். அழகு நிறைய இருக்கிறது, மர்மம் இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த எண்ணுக்கு வருகிறேன்: 4294967297. பத்தே இலக்கம். பெரிய எண் என்று சொல்வதற்கே இது போதாது என்று ஒரு பையன் முகத்தைச் சுளித்தான். அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்: எத்தனை இலக்கம் என்பதைவிட, எவ்வளவு நாள் ஏமாற்றியது என்பதைப் பார்.

இது ஐந்தாம் ஃபெர்மா எண் (எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது). 2³² + 1. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். இப்படியே போனால் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். அடுத்த எண்ணிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது, ஆனால் உடைவதற்கு 1732 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆய்லர் 641 இதன் காரணி என்று காட்டினார்.

இதைச் சரிபார்க்க நீள வகுத்தல் வேண்டியதில்லை. 2¹⁶ = 65536. அதை 641-ஆல் வகுத்தால், 641 × 102 = 65382, மீதி 154. 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆகவே மீதியையும் வர்க்கமாக்கினால் போதும்: 154 × 154 = 23716. அதை 641-ஆல் வகுத்தால், 641 × 36 = 23076, மீதி 640. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கரும்பலகையில் இதைப் போடச் சொன்னேன். “சார், 640 வருது, மீதி இல்லாம போகலையே” என்றாள். “கடைசியில ஒண்ணு கூட்டணும்ல, அதைக் கூட்டும்மா” என்றேன். 641. மீதி பூஜ்யம். அவள் திரும்பிப் பார்த்த பார்வைக்காகவே இந்த எண்ணைச் சுவரில் வைக்கலாம். 2³² என்ற பத்திலக்க எண்ணை அவள் எழுதக்கூட இல்லை, ஆனால் அதோடு ஒன்றைக் கூட்டினால் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடும் என்று அவளே நிரூபித்துவிட்டாள்.

641 எப்படிக் கிடைத்தது என்பது இன்னும் சுவையானது. பகா எண்களை 2, 3, 5 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தால் 641 என்பது 116-ஆவது பகா எண். அதாவது 115 தோல்விகளுக்குப் பிறகுதான் வெற்றி. ஆய்லர் அப்படிப் போகவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி என்று ஒன்று இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும் என்று கண்டார். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்ற வரிசையில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் காரணி கையில். பின்னால் 1878-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா அதை இன்னும் இறுக்கினார்: 64 இல்லை, 128-ஆல் வகுத்தாலே மீதி 1 வர வேண்டும். அப்போது 257-க்கு அடுத்து 641. இரண்டாவது முயற்சி! 116, 5, 2. இந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதினால் போதும், யோசித்துத் தேடுவதற்கும் சும்மா தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் தானாகவே புரியும்.

வகுத்தால் இன்னொரு காரணி 6700417. இது பகா எண்தானா? இங்கேதான் பிள்ளைகள் எல்லோருக்கும் வேலை கிடைக்கிறது. இதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வரும், ஆகவே அதுவரை தேடினால் போதும். லூக்காவின் நிபந்தனை இதற்கும் பொருந்தும், ஏனென்றால் 6700417-இன் காரணி எதுவானாலும் அது மூல எண்ணுக்கும் காரணிதான். 128-ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண்கள் அந்த எல்லைக்குள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. ஐந்து பேருக்கு ஆளுக்கொன்று. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றிலும் பூஜ்யம் இல்லை. ஆக 6700417 பகா எண். எழுபது லட்சத்தை நெருங்கும் ஓர் எண் பகா எண் என்பதை ஐந்து வகுத்தலில் ஒரு வகுப்பு நிரூபித்துவிடுகிறது. இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்.

அப்புறம் அந்த இடைவெளி விஷயம். ஃபெர்மா தாமே தந்த தேற்றம் ஒன்று உண்டு: p பகா எண்ணாக இருந்தால், p-ஆல் வகுபடாத எந்த எண்ணை எடுத்து, p − 1 தடவை அதையே எழுதிப் பெருக்கி p-ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும். 4294967297-ஐ இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம். 2-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 வந்துவிடுகிறது. காரணம் எளிது: 2³²-க்கு மீதி −1, ஆகவே 2⁶⁴-க்கு மீதி 1, நமக்கு வேண்டிய அடுக்கோ 64-இன் மடங்கு. 2 இங்கே பொய்ச் சாட்சி. ஆனால் 3-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 3029026160 வருகிறது. 1 வரவில்லை, ஆகவே இது பகு எண். முடிந்தது. 641 பற்றி ஒரு வார்த்தை இல்லை, எந்தக் காரணியும் தெரியாது, ஆனாலும் பகு எண் என்பது உறுதி. 32 தடவை வர்க்கம் எடுத்து மீதி காண வேண்டும், சாதாரண கால்குலேட்டரில் இலக்கம் போதாது. ஆய்வகக் கணிப்பொறியில் பைத்தானில் ஒரே வரி. ஃபெர்மாவின் கையிலேயே இந்தச் சோதனை இருந்தது, 3-ஐ வைத்து அவரே போட்டுப் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சதுரங்கக் கட்டத்தில் தானியம் வைக்கும் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, இரண்டு, நாலு என்று 64 கட்டமும் நிரப்பினால் மொத்தம் 2⁶⁴ − 1. அந்த எண்ணைக் காரணிப்படுத்தினால் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. ஃபெர்மா எண்கள் ஆறும் வரிசையாக வந்து நிற்கின்றன! சுவருக்குக் கீழே ஒரு சதுரங்கப் பலகையும் கொஞ்சம் நெல்லும் வைத்தால், கணக்கே பிடிக்காத பிள்ளையும் நின்று பார்க்கும்.

மூன்றாவது போட்டியாளர் 2⁶⁷ − 1, அதாவது 147573952589676412927. இடைவெளியைக் காட்டுவதில் இதை மிஞ்ச முடியாது. 1644-இல் மெர்சென் இதைப் பகா எண் என்று பட்டியல் போட்டார். 1876-இல் லூக்கா இது பகு எண் என்று நிரூபித்தார், ஆனால் ஒரு காரணிகூடச் சொல்ல முடியவில்லை. அடுத்த 27 வருடம், உடையும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்ற கணித அறிஞர் விடை தந்தார்: 193707721 × 761838257287. ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அவை கைதட்டியது என்று கதை சொல்வார்கள்.

கரும்பலகையில் இந்தப் பெருக்கலைப் போடுவது நல்ல நிகழ்ச்சி. 193707721-இல் 7 மூன்று தடவை வருகிறது, ஆகவே 5332867801009 என்ற வரியை ஒரு தடவை கணக்கிட்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி எழுதலாம். விடையை 9-ஆல் சோதிக்கலாம்: ஒரே இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போனால் இரண்டு காரணிகளின் இலக்கக் கூட்டலும் 1-இல் முடியும், பெருக்குத்தொகையுடையதும் 1-இல் முடியும். ஆனால் பிள்ளைகளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். காரணியைக் கண்டுபிடிக்கும் பகுதி அவர்கள் கைக்கு எட்டாது. இங்கும் காரணிகளை 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, ஆனால் 193707721 அந்த வரிசையில் 1445580-ஆவது இடத்தில் இருக்கிறது. யாரோ கண்டுபிடித்ததை நாம் பெருக்கிப் பார்க்கிறோம். சுவரைவிட, விழா மேடையில் பத்து நிமிடத்துக்கு இது பொருத்தம்.

நாலாவதாக, கணிப்பொறி ஆசிரியர் சொன்ன ஆர்.எஸ்.ஏ. எண்கள், அதாவது இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, ரகசியத் தகவலைப் பூட்டுவதற்காக உண்டாக்கும் எண்கள். 1977-இல் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் என்றார்கள். 1994-இல்தான் உடைந்தது, அதுவும் இணையம் வழியாக நூற்றுக்கணக்கானவர்களின் கணிப்பொறிகள் சேர்ந்து உழைத்த பிறகு. 250 இலக்க எண் 2020-இல் உடைந்தது. 617 இலக்க எண் இன்றுவரை உடையவில்லை. ஃபோனில் பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு, பூட்டு என்பதே ஒரு பகு எண்ணாக இருக்க முடியும் என்று சொல்வது அவசியம்தான். ஆனால் சுவரில் 617 இலக்கத்தை எழுதி வைத்தால் பிள்ளை அதை வேடிக்கை பார்க்கும், அவ்வளவே. கையால் செய்ய ஒன்றுமில்லை. இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் வகுபடவில்லை என்று பார்க்கலாம், அதற்கு மேல் வழி இல்லை. வேலூர் பக்கம் கணினி ஆய்வகம் நன்றாக இருக்கும் பள்ளியோ கல்லூரியோ என்றால் இதை எடுக்கலாம், சின்ன ஆர்.எஸ்.ஏ. எண்களை உண்டாக்கி ஒருவர் பூட்ட, ஒருவர் உடைக்க என்று விளையாடலாம். எங்கள் நிலைமை அதுவல்ல.

கடைசியில் சுவருக்கு 4294967297 என்று முடிவானது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்காக வாசல் பக்கம் ஒரு சார்ட்டில் ராமானுஜன் எண்ணும், விட்டுப்போன எண்ணும், காவலூர்ச் சிறுகோளும். கோல் செய்த பெருக்கல் மதியம் மேடையில். ஜவ்வாது மலைப் பள்ளிகளில் இருக்கும் நண்பர்கள் கேட்டால், வரிசையை மாற்றி ராமானுஜன் எண்ணை முதலில் வையுங்கள் என்பேன்; காவலூர் அவர்களுக்குப் பக்கத்து ஊர்.

சுவரை முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று நிற்கும் +2 பிள்ளைகளுக்கு அடுத்த எண் தயார்: 2⁶⁴ + 1 = 18446744073709551617. 1880-இல் லாண்ட்ரி தம் 82-ஆவது வயதில் இதன் காரணி 274177 என்று கண்டார். இதன் காரணிகளை 256-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 257, 513, 769 என்று ஒரு சின்ன நிரலில் ஏற்றிக்கொண்டே போனால் 1071-ஆவது எண்ணில் அது சிக்கும். இன்னொரு காரணி என்ன என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, அதை அவர்களே வகுத்துக்கொள்ளட்டும்.